முதியோர் இல்லத்து உணவும் நமது கடமையும்
(பட்டுக்கோட்டையில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மிற் பலர் பிறந்த நாளிலும் பெற்றோரின் திதியன்றும் முதியோர் இல்லங்களுக்குச் சென்று வடை பாயசத்துடன் அன்னமிட்டு வருகிறோம். அது நற்செயலே. ஆயினும், நாம் பரிமாறியதில் எவ்வளவு அவர்கள் வயிற்றிற் சென்றது, எவ்வளவு இலையில் மிஞ்சியது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

நமதூருக்கும் தஞ்சைக்கும் இடையே, ஒரத்தநாட்டில், இரண்டாம் சரபோஜி மன்னர் நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்தைத் தாங்கள் அறிவீர்கள். அம்மன்னர் 1801-ஆம் ஆண்டில் ஆங்கில ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களின் நடைமுறையை விவரித்துள்ளார். எல்லாச் சாதியார்க்கும் சோறு. சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசி. குழந்தைகட்குப் பால். நோயுற்றோர்க்கு மருந்தும் அவர்க்கேற்ற உணவும். ஆளறிந்து இடுவதே அன்னதானம் என்பது இதனால் விளங்கவில்லையா?

முதுமையிற் பசி குன்றும், பல் உதிரும், தசை தேயும். கிலோ எடைக்குச் சுமார் ஒரு கிராம் வீதம், ஐம்பது கிலோ எடையுள்ள முதியவர்க்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் சோற்றிலோ அது மூன்று கிராம் அளவே. நெற்களஞ்சியத்திற் பிறந்த நாம் சோறு நிறைந்த தட்டைக் கண்டு மனம் நிறைகிறோம். ரசஞ்சோறு மும்முறை உண்பவர் உடல் நிறைவதில்லை.

இதனை அளந்தறிய வழியுண்டு. 1990-களில் மேனாட்டு வைத்தியர்கள் வகுத்த ஒரு முறையில் பதினெட்டு வினாக்களும் முப்பது மதிப்பெண்களும் உள. இருபத்து நான்கும் அதற்கு மேலும் பெற்றால் நலம். பதினேழுக்குக் கீழாயின் ஊட்டக்குறைவு. மூன்று மாதங்களில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? கெண்டைக்காலின் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் குறைவா? உணவை மெல்லவும் விழுங்கவும் சிரமமுண்டா? இவையே அவ்வினாக்களின் போக்கு. ஓர் எடைப்பொறியும் ஒரு நாடாவும் இருந்தாற் போதும். இவற்றோடு, அன்றன்று தட்டில் மிஞ்சியதையும் ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். ஏனெனில், பிறர் இல்லத்தில் உண்பவர் கூச்சத்தினால் "போதும்" என்பார்; வாய் மறைப்பதைத் தட்டு சொல்லிவிடும்.

ஆகவே, ஒரு விண்ணப்பம். ஒருநாள் விருந்துக்குச் செலவிடும் பொருளை மாத முழுதும் பங்கிடுங்கள். நாள்தோறும் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், குழைய வேகவைத்த பயறு, மல்லிப்பட்டினத்து முள்ளில்லா மீன் ஆகியவற்றுள் அவரவர்க்கு ஏற்றதை அளியுங்கள். நீரிழிவுடையார்க்குப் பாயசம் இடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். பல்லற்றவர்க்குப் பற்கட்டு அமைத்துக் கொடுப்பதும் அன்னதானமே. நம்மை ஊட்டி வளர்த்தோர் உண்டனரா என்று பார்ப்பது, உணவிட்டோம் என்று மகிழ்வதினும் மேலான கடமையாகும்.