அரசுப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்



மாநில அரசுத் துறைகளின் கணினிப் பிரிவுகளை நடத்துவதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அங்கே வாங்கும் ஒவ்வொரு சர்வருக்கும் கோப்பு உண்டு, ஒப்பந்தப்புள்ளி உண்டு, தணிக்கை உண்டு. அதற்குள் கிடக்கும் குடிமக்களின் பெயர்களுக்குத்தான் பொறுப்பாளர் இல்லை. அந்தக் குறையை மட்டுமே இன்று இந்த மாநாட்டில் பேச விரும்புகிறேன்.

தொண்ணூறுகளில் மென்பொருள் நிறுவனங்கள் தத்தமக்கென எழுத்துருக் குறியீடுகளை வைத்திருந்தன. ஒரு துறையில் அடித்த பட்டியலை இன்னொரு துறையில் திறந்தால் வெறும் குறிகள்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. 2010-இல் யூனிகோடு தமிழக அரசின் தரமாயிற்று. மாற்றாக டேஸ்-16 என்ற குறியீடும் ஏற்கப்பட்டது. ஆணைகள் வந்தன. ஆனால் பழைய தரவை ஒழுங்காக மாற்றும் வேலைக்குப் பல அலுவலகங்களில் ஆளும் இல்லை, நிதியும் இல்லை.

அதனால் என்ன நேர்கிறது என்பதற்குப் பொன்னம்மாள் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குறியீடுகளில் கொம்பு முதலில், பகரம் அடுத்து, கால் அதற்குப் பின் எனக் கண்ணில் படும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. யூனிகோடில் பகரம் முன்னே வரும், உயிர்க்குறி பின்னே வரும். அந்த ஒகரக் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கொள்ள யூனிகோடிலேயே விதி இருக்கிறது. அதை நிரலில் சேர்க்காவிட்டால், திரையில் ஒன்றுபோலத் தெரியும் பொன்னம்மாள் தரவுத்தளத்தில் இரண்டு பேராகிவிடுவார். அப்புறம் அந்த மூதாட்டி, இரு பெயர்களும் தமக்கே உரியவை என்று சான்று வாங்க தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அவர் செய்த பிழை என்ன?

ஆங்கிலத்தில் பதிந்த பெயரை நிரல் தமிழாக்கும்போது நேர்வது இன்னும் கொடுமை. வள்ளி வல்லியாகிறார், பழனி பலனியாகிறார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டக் காலத்தில் கையெழுத்தில் விழுந்த பிழைகளும் கணினிச் சிட்டாவில் அப்படியே ஏறியிருக்கின்றன. கணினி அச்சிட்டுத் தருவதால் பிழைக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலர் ஆளை நேரில் அறிந்திருந்தாலும் திருத்தத் தயங்குகிறார்.

இம்மாநாட்டின் ஆய்வரங்கில் பெயர் ஒப்பீடு குறித்த கட்டுரைகள் வாசிக்கப்படவிருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. அவற்றை எழுதியவர்கள் ஒரு வட்டத்தின் உண்மையான பதிவேட்டில் தங்கள் முறையைச் சோதிக்கத் துறைகள் அனுமதி தர வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒருமைப்படுத்தும் நிபந்தனை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். அவசரமான வேலை வேறொன்றும் உண்டு. பழைய தரவை மாற்றத் தேவைப்படும் எழுத்துருக் குறியீட்டு அட்டவணைகள் பல அச்சேறவே இல்லை. அவற்றை வடிவமைத்தவர்களில் பலர் முதுமையை எட்டிவிட்டார்கள். மாநாடு முடிவதற்குள் ஒரு குழு அமைத்து, அந்த அட்டவணைகளை அவர்களிடமிருந்து கேட்டு வாங்கும் பணியைத் தொடங்கும்படி அவையை வேண்டுகிறேன்.