கல்கத்தா வந்த இரு ஜப்பானிய ஓவியர்கள்



ஓர் ஓவிய ஆசிரியர் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. ஆகவே ஒரு கண்காட்சியைப் பற்றிப் பேசலாமென்று வந்தேன். 1903-இல் கல்கத்தாவில் யோகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் சேர்ந்து தங்கள் படங்களை வைத்தார்கள். தைகானுக்கு முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை; ஷுன்சோ முப்பதையே தொடவில்லை.

ஜப்பானில் அவர்களுக்கு நல்ல பெயர் கிடையாது. கீழை நாட்டு ஓவியத்துக்கு உயிர் கோடு. இவர்களோ கோட்டையே விட்டுவிட்டு, வண்ணத்தின் அடர்த்தியிலேயே ஒளியையும் காற்றையும் காட்ட முயன்றார்கள். 'மோரோதாய்', வெறும் மூட்டம், என்று தோக்கியோ விமர்சகர்கள் கேலி செய்தார்கள். படம் வாங்க ஆளில்லை. இவர்களுடைய ஆசான் ஒகாகுரா கக்குசோ 1902-இல் இந்தியாவில் இருந்தவர்; விவேகானந்தரையும் தாகூர் குடும்பத்தையும் அறிந்தவர். அந்தப் பழக்கத்தில்தான் சீடர்கள் கப்பலேறினார்கள். திரிபுரா அரண்மனைக்குப் படம் வரையும் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள். அது கைகூடவில்லை. தாகூர் வீட்டார் ஆதரித்தார்கள், கண்காட்சி நடந்தது, படங்களும் விற்றன.

என்னைக் கேட்டால், சுவரில் மாட்டிய படங்களைவிட, அவர்கள் உட்கார்ந்து வரைந்ததை ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் பெரிய காரியம். அவர் அபனீந்திரநாத் தாகூர். தைகான் வெறும் நீரில் நனைத்த தூரிகையைப் படத்தின்மேல் மெல்ல ஓட்டி வண்ணத்தைக் கரைப்பதைக் கவனித்தார். கவனித்ததை அப்படியே செய்தாரா? இல்லை. வரைந்த தாளையே தண்ணீரில் முக்கி எடுத்தார், காயவிட்டு மறுபடி வண்ணம் ஏற்றினார், மறுபடி முக்கினார். சின்னாளபட்டிச் சாயத்தொட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலையின் பொறுமை புரியும். மேல்வண்ணம் கழுவிப்போக, தாளின் உள்ளே ஊறியது மட்டும் நிற்கும். அந்த மங்கலான பொன்னிறத்தில் 1905-இல் அவர் வரைந்த 'பாரத மாதா'வை நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். காவியுடுத்தி நான்கு கைகளோடு நிற்கிறாள்; கையில் ஆயுதம் இல்லை.

வங்க ஓவியமே ஜப்பானிடம் வாங்கிய கடன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முகலாயச் சிற்றோவியத்தை அபனீந்திரர் முன்பே பயின்றிருந்தார்; நீரில் முக்கும் வேலை அவருடையதே. வந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தைகான் காளியை வரைந்தார். ஷுன்சோ சரஸ்வதியை வரைந்தார். கங்கைக்கரையில் அகல்விளக்கோடு நிற்கும் இந்தியப் பெண்களைத் தைகான் 1909-இல்தான் வரைந்தார். பார்த்தது படமாவதற்கு ஆறு ஆண்டு பிடித்திருக்கிறது.

1904-இல் ஒகாகுராவோடு இருவரும் அமெரிக்கா போனார்கள். ருஷ்யாவோடு போர் அறிவிக்கப்பட்ட அதே பிப்ரவரி 10-இல் கப்பல் புறப்பட்டது. நியூயார்க்கில் படங்கள் நன்றாக விற்றன. ஷுன்சோவுக்கு விரைவிலேயே கண்பார்வை கெட்டது. அந்த நிலையிலும் 'உதிர்ந்த இலைகள்', 'கறுப்புப் பூனை' போன்றவற்றைக் கொடுத்துவிட்டு, 1911-இல், முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். தைகான் 1958 வரை இருந்தார். 1916-இல் ஜப்பான் போன ரவீந்திரநாதர் இவர் வீட்டில் தங்கினார்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் காந்திகிராமத்தை டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து 1947-இல் உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன், ரவீந்திரநாதரின் சாந்திநிகேதனில் படித்த மாணவர். 1924-இல், இளைஞராக, காந்தியிடமே போய்க் கலைக்கு வாழ்வில் இடமில்லையா என்று வாதாடியவர். சுவரில் படமே வேண்டாம், வானத்து நட்சத்திரங்கள் போதும் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். இந்த இடத்தில் நான் மாணவர் பக்கம்.

இன்னொரு வழி சென்னைக்கு வந்தது. அபனீந்திரரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். நீரில் கரைக்கும் முறை அவருக்குக் கைவந்தது. ஆனாலும் அதிலேயே தேங்கிவிடவில்லை. வங்கத்தில் பலர் தேங்கினார்கள். எதை வரைந்தாலும் சோக மூட்டம் கவிந்தது. ராய் சௌத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் அந்த மூட்டத்தை விட்டு வெளியே வந்து, கோட்டையும் எழுத்தையும் கணிதக் குறிகளையும் படத்துக்குள் கொண்டுவந்தார். 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார். அவரிடம் பயின்ற அக்கித்தம் நாராயணனும் விஸ்வநாதனும் அறுபதுகளின் கடைசியில் பாரிஸுக்குப் போய் அங்கேயே நிலைத்தார்கள். நாராயணன் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் போனவர். முக்கோணமும் சதுரமுமாக அவர் அடுக்கும் வண்ணத்தில் மூட்டம் துளியும் இல்லை.