பாரியூர்ல கால் ஏக்கர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன மாசம் என்கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினான். பச்சைப் பசேல்னு நெல்வயல், பின்னாடி மலை, நடுவுல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு குடும்பம் காபி குடிக்குது. "கோபிசெட்டிபாளையம் அருகே உங்கள் சொந்தப் பண்ணை. பத்து சென்ட் முதல்." கீழே ஒரே ஒரு கேள்வி: "உங்க அம்மா ஊரு இதானே? வாங்கலாமா?"

அவன்கிட்ட இருந்தது ஆறு வருஷ ஐடி சம்பளத்துல சேர்த்த பணம், ஏறக்குறைய 20 லட்சம். அவனுக்கு அது விளையாட்டு இல்ல. அதனால "தெரியாதுடா"ன்னு சொல்லி ஒதுங்க முடியல. "வா, நேர்ல போய்ப் பார்க்கலாம்"னு கூட்டிட்டுப் போனேன். இந்த எபிசோட் அந்த ரெண்டு நாளைப் பத்தினது. பிடிஎஃப்ல இல்லாத பக்கங்கள்னு வச்சுக்கங்க.

முதல்ல வழி. பெங்களூர்ல இருந்து வர்றவங்க சாம்ராஜ்நகர், திம்பம், சத்தியமங்கலம் வழியா இறங்கலாம். 27 கொண்டை ஊசி வளைவு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ள போற ரோடு அது. 2022-ல வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை கார் போக முடியாது. ஆபீஸ் முடிச்சுட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பற பிளான் இருந்தா மறந்துடுங்க. ரயில்னா ஈரோட்டுல இறங்கி பஸ்தான். கோபிக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் கிடையாது.

கோபியிலிருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா பாரியூர். கொண்டத்துக் காளியம்மன் கோயில் இருக்கிற ஊர். பக்கத்துலயே அமரபணீஸ்வரர் கோயில், ஆதிநாராயணப் பெருமாள் கோயில். ஜனவரியில குண்டம் நோம்பி. நோம்பின்னா எங்க பக்கம் திருவிழா. அந்த வாரம் வந்தா பைக் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. மத்த நாள்ல கோயிலைச் சுத்தி வயல், தென்னை, வாய்க்கால், அவ்வளவுதான். சினிமாக்காரங்க இந்தப் பக்கத்தைச் சின்னக் கோடம்பாக்கம்னு சொன்னது இதுக்காகத்தான். இயக்குநர் பாக்யராஜ் பொறந்த வெள்ளாங்கோயிலும் இதே வட்டாரம்தான். நீங்க எண்பதுகளோட படம் எதையாவது பார்த்து "எவ்ளோ அழகான கிராமம்"னு நினைச்சிருந்தா, அதுல பாதி இங்க எடுத்ததா இருக்க வாய்ப்பு உண்டு.

சரி, இந்தப் பச்சை எங்கிருந்து வருதுன்னு நண்பன் கேட்டான். அதுக்கு மாமா பதில் சொல்லல. வண்டியில ஏத்திக் கொடிவேரிக்குக் கூட்டிட்டுப் போனார்.

கொடிவேரியை நீங்க ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. பவானி ஆத்துக்குக் குறுக்கே அகலமான ஒரு தடுப்பு, அதுமேல வழிஞ்சு விழற தண்ணி, குளிக்கிற கூட்டம், பரிசல், வறுத்த மீன். கி.பி. 1125-ல கொங்காள்வான் கட்டினதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. எல்லாரும் அருவியைப் பார்த்து செல்ஃபி எடுக்கிறாங்க. மாமா கையைக் காட்டினது ரெண்டு ஓரத்துக்கு. ஒரு பக்கம் தடப்பள்ளி வாய்க்கால், எதிர்க்கரையில அரக்கன்கோட்டை வாய்க்கால். ரெண்டும் சேர்ந்து 24,504 ஏக்கர். பாரியூர் வயலுக்கு வர்றது தடப்பள்ளித் தண்ணி.

"இதுல எத்தன மாசம் தண்ணி வரும் சார்?"னு நண்பன் கேட்டான்.

"சார் எல்லாம் வேண்டாந்தம்பி. ரெண்டு போகத்துக்கு வருமுங்க. ஒரு போகம் 120 நாளு. சித்திரை பக்கமா முதல் போகத்துக்குத் தொறப்பாங்க, ஐப்பசி வாக்குல ரெண்டாம் போகத்துக்கு. அணையில தண்ணி இருந்தா."

அந்தக் கடைசி மூணு வார்த்தையைத்தான் கவனிக்கணும். அணைன்னு அவர் சொன்னது மேலே இருக்கிற பவானிசாகர். 1955-ல முடிஞ்ச அணை, 105 அடி. அதுலயிருந்து கிளம்பற கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர்னு மூணு மாவட்டத்துல 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயுது. கொடிவேரியும் காலிங்கராயனும் பழைய பாசனம். அவங்களுக்கு முன்னுரிமை. கீழ்பவானி புதுப் பாசனம். அங்க முறை வச்சுத்தான் தண்ணி. ஒரு முறைக்குப் பாதி நிலம், 1,03,500 ஏக்கர். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு மாத்தி மாத்தி. ஆகஸ்ட்ல தொறந்தா நெல், ஜனவரியில தொறந்தா கடலை, எள்ளு மாதிரி தண்ணி கம்மியாக் குடிக்கிற பயிர்.

நண்பனுக்கு இது முதல்ல சரியாப் புரியல. "ரெண்டுமே வாய்க்கால் பாசனம்தானே?"ன்னான். இல்லவே இல்ல. கோபி பஸ் ஸ்டாண்டிலிருந்து வடக்கே அஞ்சு கிலோமீட்டர் போய் ஒரு நிலம் பார்க்கறதும், தெற்கே அஞ்சு கிலோமீட்டர் போய் இன்னொண்ணு பார்க்கறதும் வேற வேற உலகம். புரோக்கர் ரெண்டையும் "வாய்க்கா பாசனமுங்க, தங்கம்"னுதான் சொல்லுவார். மதகு நம்பர் கேட்டுப் பாருங்க, பேச்சு மாறும்.

எங்க பக்கத்துல நிலத்தை மூணாப் பிரிச்சுத்தான் பேசுவாங்க. வாய்க்கால் தண்ணி பாயறது வயல். கிணத்துத் தண்ணியில மஞ்சளோ வாழையோ வைக்கிறது தோட்டம். மழையை நம்பி இருக்கிறது காடு. "அவங்களுக்கு நாலு ஏக்கர் காடு இருக்குது"ன்னா மரம் அடர்ந்த காடு இல்ல, சோளமோ கொள்ளோ விதைக்கிற மேட்டு நிலம். பிடிஎஃப்ல இருந்த போட்டோ வயல். விக்கறது என்னன்னு தேடினோம். மூணாவது பக்கத்துல, சின்ன எழுத்துல, கீழ்பவானி வாய்க்காலுக்குத் தெற்கே ஒரு காடு.

ஆனா காடுன்னா மோசம்னு அர்த்தம் இல்ல. இங்கதான் விஷயம் சிக்கலாகுது. கீழ்பவானி மண் வாய்க்கால். ஓடற தண்ணியில ஒரு பங்கு பூமிக்குள்ள கசியும். அந்தக் கசிவுலதான் கீழே இருக்கிற கிணறு எல்லாம் ஊறுது, அந்தக் கிணத்தை நம்பித்தான் தென்னையும் மஞ்சளும். இப்ப அந்த வாய்க்காலைக் கான்கிரீட் போட்டுச் சீரமைக்கிற திட்டம் வந்துச்சு, சுமார் 709 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில பிரதமர் கோவையில அடிக்கல் நாட்டினார். கடைமடைக்காரங்க வேணும்னாங்க. அவங்களுக்குத் தண்ணி வந்து சேர்றதே இல்ல, அந்த வேதனை நியாயமானது. கசிவுநீரை நம்பியிருக்கிறவங்க வேண்டாம்னு போராட்டம், உண்ணாவிரதம்னு இறங்கினாங்க. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சொந்தக்காரங்களுக்குள்ளயே இதுல ரெண்டு கட்சி. எங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணுல பந்தியில உட்கார்ந்துட்டு இதுக்காகச் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கேன்.

பத்து சென்ட் வாங்க வர்றவருக்கு இதுல என்ன? இன்னைக்கு அந்தக் கிணத்துல தண்ணி இருக்கறது உண்மை. பக்கத்துல வாய்க்கால் கரை எப்படி மாறும்கிறதைப் பொறுத்து பத்து வருஷத்துல அது மாறலாம். "மூணு போர் இருக்கு"ன்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க. மாமா கேட்டது ஒண்ணுதான்: "பதினாறு, பதினேழுல ஓடுச்சாங்களா?" 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்த வருஷம். அந்தக் கோடையில தண்ணி இருந்த போர்தான் போர். சைட்ல இருந்த பையனுக்கு அந்த வருஷம் இந்த ஊரே தெரியாது, பாவம்.

அப்ப வயலே வாங்கிடலாமேன்னு நண்பன் திரும்ப ஆரம்பிச்சான். பாரியூர்ப் பக்கம் கால் ஏக்கர், அதுல மகோகனியும் சந்தனமும் நட்டு ஒரு சின்ன வீடு. மாமா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் செருப்பைக் கழட்டி விட்டுட்டு வரப்புல இறங்கி நடந்தார். நாங்களும் நடந்தோம்.

பழைய ஆயக்கட்டுல ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் இருக்காது. பல இடத்துல மேல் வயல் நிறைஞ்சு கீழ் வயலுக்கு இறங்கும். உங்க கால் ஏக்கரைச் சுத்தி நீங்க வேலி போட்டு மண் கொட்டி மேடு பண்ணினா, உங்களுக்குக் கீழே இருக்கிறவருக்குத் தண்ணி போற வழி அடைபடும். இன்னொரு பக்கம், சுத்தி எல்லாரும் நெல்லு வச்சு 120 நாள் தண்ணி கட்டினா உங்க சந்தன மரத்து வேர் அழுகும். நன்செய் நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்தறதுக்கு மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் வரைக்கும் போகணும். அது சும்மா வச்ச சட்டம் இல்லன்னு அந்த வரப்புல நின்னப்பதான் எனக்கே உறைச்சுது.

பேப்பர் விஷயம் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதுக்காகத்தான் கேட்பீங்க. தமிழ்நாட்டுல விவசாய நிலம் வாங்க நீங்க விவசாயியா இருக்கணும்னு இல்ல. ஆனா வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்ட ஓசிஐ நண்பர்களும் என்ஆர்ஐ-களும் விவசாய நிலம் வாங்க முடியாது. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புலப்படம், இது அஞ்சும் கையில இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. 'அ' பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் பஞ்சமி நிலமா, கோயில் நிலமான்னு பாருங்க. பஞ்சமி நிலம்னா 1892-லிருந்து பட்டியல் சமூக மக்களுக்காக ஒதுக்கினது. அவங்களைத் தவிர யார் வாங்கினாலும் அந்தக் கிரயம் செல்லாது. "பண்ணை மனை"ன்னு பத்து பத்து சென்டா பிரிச்சு விக்கறவங்ககிட்ட லேஅவுட் அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாதுன்னு 2016-ல உயர் நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம்தான் "மனை"ங்கிற வார்த்தை போய் "பண்ணை"ங்கிற வார்த்தை எச்சா வந்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம். என் சந்தேகம்தான்.

வருமானம்? பிடிஎஃப்ல ஒரு கிராஃப் இருந்துச்சு, மேலேயே போகுது. மாமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து மஞ்சக் கதை சொன்னார். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பெருமைதான். வைகாசி, ஆனியில நட்டா தை, மாசியில வெட்டணும். ஒம்பது மாசம் நிலத்தைப் பிடிச்சுக்கும். வெட்டி, வேக வச்சு, காயப்போட்டு, பாலீஷ் போட்டு ஏலத்துக்குப் போகணும். 2010-ல குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டுச்சு. அதைப் பார்த்து ஊரே மஞ்ச வச்சுது. ரெண்டே வருஷத்துல 5 ஆயிரத்துக்குக் கீழே. அந்த வருஷம் மாமா மூட்டையை விக்காம வீட்டுக்குள்ள அடுக்கி வச்சிருந்தார். நான் லீவுக்குப் போனப்ப படுக்க இடம் இல்லாம மூட்டைக்கு நடுவுல படுத்தேன். போர்வையெல்லாம் மஞ்ச வாசம். எனக்கு அது ஜாலியா இருந்துச்சு. அம்முச்சி ராத்திரி முழுக்கத் தூங்காம உட்கார்ந்திருந்தது ஏன்னு அப்பத் தெரியல.

ஆள் பிரச்சினையைப் பத்தி பிடிஎஃப்ல ஒரு வரி: "எங்கள் குழு பராமரிக்கும்." யார் அந்தக் குழு? காலையில ஆறரை மணிக்கு ஊருக்குள்ள கம்பெனி வேன் வருது. மில்லுக்கும் திருப்பூருக்கும் பெண்களை ஏத்திட்டுப் போகுது. வெயில்ல குனிஞ்சு நாத்து நடறதைவிட நிழல்ல நின்னு பார்க்கற வேலை மேல்னு அவங்க நினைக்கிறதுல என்ன தப்பு? நாத்து நட இப்ப மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வர்றாங்க, அறுப்புக்கு மிஷின். இன்னொண்ணும் சொல்லணும். இந்த வயல்ல தலைமுறை தலைமுறையா இறங்கி வேலை செஞ்சவங்க பெரும்பாலும் ஊருக்கு வெளியே காலனியில இருக்கிறவங்க, அவங்க பேர்ல நிலம் இல்ல. இதே கோபியில ஜி.எஸ். லட்சுமண ஐயர்னு ஒருத்தர் இருந்தார், சுதந்திரப் போராட்டக்காரர். தலித் மக்களைத் தன் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்ததுக்காக சொந்தச் சாதியே ஒதுக்கி வச்சுது. நகர்மன்றத் தலைவரா இருந்தப்ப மலம் அள்ளுற முறையை இங்க ஒழிச்சார். கிராமத்து அழகுன்னு எழுதற எந்த விளம்பரத்துலயும் அவர் பேர் வர்றதில்ல.

மலைப் பக்கம் "ஹில் வியூ" பிளாட் கேட்கறவங்களுக்கு ஒரு வரி: ஆத்துக்கு வடக்கே டி.என்.பாளையம், குண்டேரிப்பள்ளம் அணைப் பக்கம் அருமையான வியூ. யானைக்கும் அது பிடிக்கும். வாழைன்னா இன்னும் பிடிக்கும்.

அப்ப பணம் போடவே கூடாதான்னு கேட்டா, அப்படி இல்ல. ஊருக்குத் தேவை இருக்கு. மஞ்ச வேக வைக்கிற கொப்பரை, பாலீஷ் மிஷின், தேங்காய் உலர்த்தற களம், வாழைக்குப் பழுக்க வைக்கிற அறை, வாடகைக்கு விடற அறுவடை மிஷின், இதெல்லாம் இங்க காசுக்குக் காத்திருக்கிற வேலைகள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கு. அதுல விவசாயிதான் பங்குதாரர் ஆக முடியும், நீங்க ஆக முடியாது. ஆனா அவங்ககிட்டயிருந்து வருஷம் முழுக்க வாங்கற நிலையான வாடிக்கையாளரா ஆகலாம். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து நாட்டுச் சர்க்கரையைப் பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு வாங்குதே, அந்த மாதிரி ஒரு கொள்முதல் எத்தனை ஆலையைத் தாங்கிப் பிடிக்குதுன்னு யோசிங்க.

ரெண்டாம் நாள் மத்தியானம் அம்முச்சி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டாங்க. சாப்பிடும்போது நண்பன் மாமாகிட்ட நேரடியாவே கேட்டுட்டான். "அண்ணா, நீங்க உங்க வயலை விப்பீங்களா?"

மாமா நெய் ஊத்திட்டே சொன்னார்: "ஏக்கர் ரெண்டு இருக்குது தம்பி. பையன் கனடாவுல. அவன் வரமாட்டான், எனக்குந் தெரியும். போன வருசம் ஒருத்தரு வந்து வெல சொன்னாரு. நல்ல வெலதான். முட்டி வலிக்கறப்பெல்லாம் வித்தரலாம்னு தோணும்."

"அப்புறம்?"

"தண்ணி தொறந்துட்டாங்க. நாத்து உட்டுட்டேன்."

நண்பன் அந்தப் பத்து சென்டை வாங்கல. இப்போதைக்கு மாமாவோட அடுத்த போகத்து நெல்லுல பத்து மூட்டைக்கு முன்பணம் கொடுத்திருக்கான். ஏ.எஸ்.டி. 16, இட்லிக்கு நல்ல குண்டு ரகம். பெங்களூர்ல எங்க ஆபீஸ்லயே எட்டு பேர் அரிசிக்குப் பேர் கொடுத்திருக்காங்க. அரைச்சு, மூட்டை கட்டி, திம்பம் ஏத்திக் கொண்டு வர்ற செலவு கட்டுப்படியாகுமான்னு கணக்குப் போட்டுட்டு இருக்கோம். தை மாசம் அறுப்பு. என்ன ஆச்சுன்னு அப்பச் சொல்றேன்.