பல்கலைக்கழகப் புகுமுகமும் மாணவர் வாய்ப்பும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் இலங்கையின் இல்லந்தோறும் எழும் வினா ஒன்றே. "இந்தப் பேற்றுக்கு இடம் கிடைக்குமா?" என்பதே அது. பெற்றோர் பாடசாலை அதிபரை நாடுவர். அயலார் சென்ற ஆண்டின் கணக்கை எடுத்துரைப்பர். தனியார் கல்வி நிலையத்தாரோ தம் மாணவர் படங்களை மதிலில் ஒட்டுவதில் முனைந்திருப்பர். விடை கூறுவோர் பலர். அவ்விடைக்கு ஆதாரமான கணக்கை அறிந்தோர் மிகச் சிலர். ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ தன் வாழ்நாளில் ஓராண்டை அல்லது ஈராண்டை எவ்வழியிற் செலவிடுவது என்பது இவ்விடையைப் பொறுத்திருத்தலின், அக்கணக்கு எவ்வாறு அமைந்துள்ளது என நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

தகுதி பெறுதல் வேறு, அனுமதி பெறுதல் வேறு. ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளிகளாவது பெற்றவர் விண்ணப்பிக்கத் தகுதியுடையவராவர். அண்மைய ஆண்டுகளில் இவ்வாறு தகுதி பெறுவோர் தொகை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டது. அரச பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்வதோ நாற்பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையினரை. ஆகவே, தகுதி பெற்ற நால்வருள் ஏறக்குறைய ஒருவருக்கே கதவு திறக்கின்றது. மருத்துவம், பொறியியல் ஆகிய கற்கைநெறிகளின் வாயில் இதனினும் எத்துணையோ ஒடுங்கியது.

"மூன்று ஏ எடுத்துவிட்டான், இனி என்ன குறை?" என்பது ஊரிற் கேட்கும் பேச்சு. இப்பேச்சு பல குடும்பங்களை ஏமாற்றியுள்ளது. 75 புள்ளி பெற்றவருக்கும் ஏ; 95 புள்ளி பெற்றவருக்கும் ஏ. இருவருக்கும் இடையிலுள்ள இருபது புள்ளிகளை அவ்வெழுத்து மறைத்துவிடுகின்றது. அனுமதியைத் தீர்மானிப்பது எழுத்தன்று. 2001 ஆம் ஆண்டு முதல் கையாளப்பட்டுவரும் இசட் புள்ளியாகும்.

இசட் புள்ளி என்பது யாது? ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, இலங்கை முழுவதிலும் அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரிப் புள்ளியைக் கழித்து, மிகுதியை நியம விலகலால் வகுத்தால் வருவது அப்பாடத்துக்குரிய இசட் புள்ளி. மூன்று பாடங்களுக்கும் வந்தவற்றின் சராசரியே பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களுடன் காணப்படும் எண். நியம விலகல் என்னுஞ் சொல் கலைப்பிரிவினருக்குச் சற்றே அச்சந் தரலாம். புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவே அது.

விளங்குதற்பொருட்டு மூன்று கற்பனை எண்களை எடுத்துக்கொள்க. ஒரு மாணவி உயிரியலில் 78, இரசாயனவியலில் 74, பௌதிகவியலில் 70 புள்ளிகள் பெறுகின்றாள். அவ்வாண்டின் சராசரிகள் முறையே 62, 42, 46 எனவும், நியம விலகல் மூன்றிலும் 16 எனவும் வைத்துக்கொண்டால், உயிரியலில் அவளுடைய இசட் புள்ளி 1.0, இரசாயனவியலில் 2.0, பௌதிகவியலில் 1.5. மிகுதியான புள்ளி கிடைத்த பாடமே அவளை மிகக் குறைவாக உயர்த்தியிருக்கின்றது! எல்லோரும் இலகுவாக எழுதிய பாடத்தில் 78 பெறுதலினும், பலர் இடறிய பாடத்தில் 70 பெறுதல் பெரிது. "வினாத்தாள் கடினம், பிள்ளையின் வாய்ப்புப் போயிற்று" எனப் பரீட்சை முடிந்த மாலையில் கலங்கும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளலாம். வினாத்தாள் கடினமாயின் எல்லோருக்குமே கடினம்.

இம்முறை குறைபாடற்றதென எவருங் கூறார். 2011 ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய அவ்விரு கூட்டத்தினரையும் ஒன்றாக்கிக் கணிக்கப்பட்ட இசட் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டில் தள்ளுபடி செய்து, இருசாராரையும் வெவ்வேறாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பதே இம்முறையின் உயிர்நாடி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது மாவட்டப் பங்கீடு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் நிறுவப்பட்ட காலந்தொட்டு 1970 வரை, பெற்ற புள்ளியே பெரும்பாலும் அனுமதியைத் தீர்மானித்தது. 1970களின் முற்பகுதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. அம்மாற்றங்கள் தமிழ் மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய புண் நாடறிந்தது. அது தனிப் பேச்சுக்குரிய பொருள். மொழிவாரி முறை பின்னர் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு மட்டும் விகிதங்கள் மாறி மாறி இன்றளவும் நிலைத்துள்ளது.

இன்றைய விகிதப்படி, பங்கீட்டுக்கு உட்பட்ட கற்கைநெறியொன்றில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் வழங்கப்படும். 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படும். எஞ்சிய 5 இடங்கள், கல்வி வசதியிற் பின்தங்கியவையென வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா முதலியன இவற்றுட் சில. மாணவர் பிறந்த ஊர் எது என்பது இங்கு பொருட்டன்று. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவர் பயின்ற பாடசாலை எம்மாவட்டத்தில் உள்ளதோ அதுவே அவர் மாவட்டம். குறைந்த வெட்டுப்புள்ளியை நாடிக் கடைசி நேரத்திற் பாடசாலை மாற்ற முயல்வோர் இவ்விதியில் இடறுவர், இடறுவதும் நியாயமே.

இனி, பெறுபேற்றுத் தாளிலுள்ள மாவட்ட நிலையைக் கொண்டு வாய்ப்பை மதிப்பிடுமாற்றைக் காண்போம். ஒரு கற்கைநெறிக்கு நாடெங்கும் 2000 இடங்கள் உள எனவும், ஒரு மாவட்டத்தில் நாட்டுச் சனத்தொகையின் நூற்றுக்கு மூன்று பங்கினர் வாழ்கின்றனர் எனவும் கொள்க. மாவட்டப் பங்கு 1100 இடங்கள். அவற்றுள் இம்மாவட்டத்துக்கு 33. அம்மாவட்டத்தின் முதற் பத்துப் பேர் அகில இலங்கைத் திறமையிலேயே தெரிவு செய்யப்பட்டுவிட்டால், அவர்களை நீக்கி அடுத்த 33 பேர் மாவட்டப் பங்கிற் செல்வர். எனவே, அங்கு மாவட்ட நிலை 43 வரையில் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. பின்தங்கிய மாவட்டமாயின் இன்னும் சிலர் சேர்வர். முன்னிலையிலுள்ளோர் சிலர் அக்கற்கைநெறியை விரும்பாது விடுவராயின் அவ்வெல்லை மேலும் சற்று நகரும். இசட் புள்ளியை வெறித்துப் பார்த்திருப்பதிலும் மாவட்ட நிலையை இவ்வாறு எண்ணிப் பார்ப்பது பயன்மிக்கது. எனினும் இதனைச் செய்வார் அரியர்.

பெரும்பாலோர் செய்வது சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுவதே. வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே நாட்டப்பட்ட வேலியெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது, இடங்கள் யாவும் நிரம்பிய பின், கடைசியாக நுழைந்தவருடைய இசட் புள்ளி. இடங்கள் கூடினால் அது தாழும். திறமை மிக்கோர் தொகை மாவட்டத்திற் கூடினால் உயரும். 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. பின்னர் மட்டக்களப்பிலும் ஒன்று எழுந்தது. அண்மைக் காலத்தில் சப்பிரகமுவ, வயம்ப, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களும் மருத்துவ பீடங்களைப் பெற்றுள்ளன. ஒவ்வொரு புதிய பீடமும் எல்லைக்கோட்டை அசைக்கின்றது. ஆதலால், ஓராண்டின் எண்ணை மட்டும் பாராது நாலைந்து ஆண்டுகளின் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்கள் ஏறியிறங்கும் எல்லைக்கு மேலே மாணவர் நின்றால் வாய்ப்பு நல்லது. கீழே நின்றால் அரிது. எல்லைக்குள் நின்றால் எவராலும் உறுதி கூறவியலாது. கூறுபவர் பேச்சை நம்பலாகாது.

பரீட்சைக்கு முன்னரே வாய்ப்பை அறிய வழியுண்டா? பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் இதற்குப் பயன்படா. ஒரு பாடசாலையின் 80 மற்றொன்றின் 60 ஆக இருக்கலாம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்கு நடத்திவரும் பொதுப் பரீட்சைகள் இவ்வகையிற் பேருதவியானவை. தன் வகுப்புக்கு அப்பாலும் போட்டியாளர் உளர் என்பதை மாணவர் அங்கு காண்பர். என்றாலும் அங்கு கிடைக்கும் சராசரி இலங்கை முழுவதன் சராசரி ஆகாது. பிற மொழிமூல மாணவரும் சேர்ந்தே இசட் புள்ளி கணிக்கப்படுதலின், அங்கு பெறும் நிலையை ஓர் அறிகுறியாக மட்டுமே கொள்ளலாம்.

அடுத்து, விருப்பத்தெரிவு. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் எழுதும்போது பலர் பெருந்தவறிழைக்கின்றனர். "எட்டாததை முதலில் எழுதினால் எட்டுவதும் போய்விடும்" என்று அஞ்சி, உள்ளம் விரும்பியதைக் கீழே தள்ளுவோர் ஒருசாரார். "மருத்துவத்தையன்றி வேறெதையும் எழுதேன்" என்று ஒன்றிரண்டோடு நிறுத்துவோர் மற்றொரு சாரார். இருவரும் கணக்கை அறியாதவர். முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாதாயின், அதே புள்ளியோடு இரண்டாவதற்கும், பின் மூன்றாவதற்கும் அவர் கருதப்படுவார். மேலே எழுதியது கிடைக்காமையால் கீழே எழுதியதன் வாய்ப்புக் குன்றுவதில்லை. கீழே எழுதியமையால் மேலேயுள்ளதன் வாய்ப்பும் குன்றுவதில்லை. ஆகவே, உண்மையான விருப்ப வரிசையில், கற்க மனம் இசையும் யாவற்றையும் எழுதுவதே அறிவுடைமை. கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியே உண்டு. அதற்கு உரிய காலத்தில் விண்ணப்பியாதவர் வரிசையில் அதனை எழுதியும் பயனில்லை.

வேறு பிள்ளையின் விருப்பத்தைத் தந்தையார் நிரப்புவதும் நாட்டில் நடப்பதுதான். உயிரியற் பிரிவில் மருத்துவத்துக்கு அப்பால் பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம், தாதியியல், சித்த மருத்துவம் எனப் பல துறைகள் உள. அவற்றை ஏளனமாகப் பேசும் இல்லங்களில் வளர்ந்த பிள்ளை, கிடைத்த இடத்தையும் கைவிட்டு வீட்டிலிருப்பதைக் காணலாம்.

இறுதியாக, மீண்டும் தோற்றுவதா என்னும் வினா. அனுமதிக்காக மூன்று தடவைகள் வரையே தோற்றலாம். எல்லையை 0.1 ஆல் தவறவிட்ட மாணவர் தம் இசட் சராசரியை உயர்த்த, மூன்று பாடங்களிலுமாக 0.3 சேர்க்க வேண்டும். நியம விலகல் 16 ஆயின் இது ஒரே பாடத்தில் ஏறத்தாழ ஐந்து புள்ளிகள். ஓராண்டு முயற்சிக்கு இது பெரிதன்று. 0.5 ஆல் தவறவிட்டவரோ 24 புள்ளிகள், அதாவது பாடத்துக்கு எட்டு வீதம், சேர்க்க வேண்டும். அதுவும் அவரைப்போலவே ஓராண்டு மேலும் படித்த பலரோடு போட்டியிட்டு. முன்னவரைத் தடுப்பதும் பின்னவரைக் கண்மூடித் தூண்டுவதும் ஒருங்கே தீங்காகும். எப்பாடம் சராசரியைக் கீழே இழுத்தது, அதனைத் திருத்தும் ஆசிரியர் கிடைப்பாரா, இன்னோராண்டுச் செலவைக் குடும்பம் தாங்குமா என்பவற்றை மாணவரோடு அமர்ந்து பேசிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும். ஏதேனுமொரு கற்கைநெறிக்கு அழைப்புக் கிடைத்திருப்பின், பதிவு செய்துகொண்டவர் மீண்டும் அனுமதி கோருவது பற்றிய விதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலில் வாசித்த பின்னரே ஒப்பமிடுக. அக்கைந்நூல் தமிழிலும் கிடைக்கின்றது.