ஈகை: சமயங்களின் பொதுநெறி



உலகச் சமயங்கள் வழிபாட்டில் வேறுபடுகின்றன. ஈகையை வலியுறுத்துவதில் ஒன்றுபடுகின்றன. மிஞ்சியதைக் கொடுப்பது இரக்கம்; குறித்த பங்கை முதலிலேயே ஒதுக்குவது கடமை. சமயங்கள் பலவும் இரண்டாவதையே வற்புறுத்தின.

இஸ்லாத்தின் ஐந்து தூண்களுள் ஒன்று ஸகாத். தங்கம், வெள்ளி, ரொக்கம் ஆகியவை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையிருப்பில் இருந்தால் 2.5 சதவீதம் வழங்குதல் வேண்டும். அதைப் பெறத்தக்கோரைக் குர்ஆன் எட்டு வகையினராக வரையறுக்கிறது. கடன்பட்டோரும், ஸகாத்தைத் திரட்டும் பணியாளரும் அவர்களுள் அடங்குவர். நிர்வாகச் செலவுக்கும் அதில் இடமுண்டு என்பது கருதத்தக்கது. கிறிஸ்தவரிடையேயும் சீக்கியரிடையேயும் வருவாயில் பத்தில் ஒரு பங்கை அளிக்கும் மரபு உண்டு. உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம் ஆகிய நான்கையும் சமணம் தானமாக வகுத்தது. பௌத்தத்தில் பாரமிதைகளின் வரிசை தானத்தில்தான் தொடங்குகிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதோடு எவ்வாறு கொடுப்பது என்பதையும் சமயங்கள் ஆராய்ந்தன. கொடுப்பவன் பணிவோடு கொடுக்க வேண்டும் என்கிறது தைத்திரீய உபநிடதம். வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைக்கு விட்டுவைக்குமாறு யூத மறை பணித்தது. ஏழை அங்கே கையேந்தி நிற்கவில்லை. தன் உழைப்பால் தானே அறுத்துக்கொண்டான். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்கின்றனர். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பகுத்தார். பெறுபவன் மீண்டும் பிறரை நாடாதவாறு கடனோ தொழிலோ தந்து அவனை நிலைநிறுத்துவதே அவற்றுள் தலையாயது என்றார்.

வளர்ச்சித் திட்டங்களின் நோக்கமும் இதுவேயாகும். ஆயினும் தனியார் ஈகைக்கு ஓர் எல்லை உண்டு. அது கொடுப்போரின் மனத்தையும் விளைச்சலையும் பொறுத்தது. பஞ்ச காலத்தில் தேவை பெருகும்போது கொடுப்போரின் கையும் சுருங்கிவிடும். எனவேதான் உணவு சட்டப்படியான உரிமையாக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 சதவீதம் வரையிலும், நகர மக்களில் 50 சதவீதம் வரையிலும் பயன்பெற வழிவகுத்தது. அதே ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என விதித்தது.

சட்டம் பங்கை நிர்ணயிக்கலாம். பணிவை நிர்ணயிக்க இயலாது. நியாயவிலைக் கடைக்கு வருபவர் இரவலர் அல்லர், உரிமையாளர். அவரை அலைக்கழித்து, அதட்டி, காத்திருக்க வைத்து அளக்கும் தானியம் எடையில் சரியாக இருப்பினும் அறத்தில் குறைந்ததே. கொடுக்கும் கை தாழ்ந்திருக்க வேண்டும் என்ற பழைய நெறி, வழங்கும் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் அலுவலருக்கும் இன்றும் பொருந்தும்.