உண்மை சொன்ன வியாபாரி



இலக்கியத் தொடரிலே பழைய கார் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களில் சிலர் வானொலியை மூடிவிடவும் கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடங்களாக உயர்தர வகுப்பு மாணவருக்குத் திருக்குறளும் சிலப்பதிகாரமும் கற்பித்து வருகிறவன் நான். ஆனால் வாய்மை என்ற அதிகாரத்தின் முதற் குறள் எனக்கு உள்ளபடி விளங்கியது வகுப்பறையில் அல்ல. ஒரு கராஜிலே, எண்ணெய் படிந்த வாங்கிலொன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்களுக்கு இரகசியம் இருக்கவில்லை. 1990க்குப் பிறகு பெற்றோல் தடை இருந்த வருடங்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல், மருந்து விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக. பின்னாலே வெள்ளைப் புகை. எந்தக் கார் எந்தப் பள்ளத்தில் விழுந்தது, எதற்கு எந்த ஊரில் எஞ்சின் இறக்கினார்கள் என்பதெல்லாம் சந்தியில் நிற்பவர்களுக்கு மனப்பாடம். விற்பவர் மறைக்க விரும்பினாலும் ஊர் விடாது. இன்று நாம் வாங்குகிற கார் வேறு மாவட்டத்திலிருந்து, வேறு மொழி பேசுகிற தெருவிலிருந்து, நான்கு கை மாறி வருகிறது. அதன் கதையை விற்பவர் சொன்னால்தான் உண்டு.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் நான் கார் வாங்கினேன். அம்மாவை மாதமொருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறுகிற வயதைக் கடந்துவிட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். அது தனியாருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் பழைய காருக்கு வந்த மவுசை நான் சொல்லத் தேவையில்லை. 2010இல் செய்த சிறிய ஜப்பான் கார் ஒன்றுக்கு 34 இலட்சம் ரூபா சொன்னார்கள். சேமிப்பு, ஆசிரியர் கடன், போதாததற்கு மனைவியின் நான்கு காப்புகளை வங்கியில் அடைவு வைத்த காசு.

விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், என்னிலும் பத்து வயது இளையவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். மரியாதையான மனிதர். என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார்.

"சேர், இந்தக் கார் ஒரு இடத்திலயும் முட்டுப்பட்டதில்லை. வேணுமெண்டாக் காந்தம் கொண்டுவந்து வைச்சுப் பாருங்கோ."

உண்மையாகவே ஒரு காந்தத்தை எடுத்துவந்து தந்தார். அடிபட்ட இடத்தைப் பசை பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. கதவு, மட்காட், பொனற் எல்லாம் வைத்துப் பார்த்தேன், எங்கும் ஒட்டியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பெரிய நிபுணன் போல.

"கொழும்பில நிண்ட கார். எங்கட உப்புக் காத்துப் படேல்லை. உள்ளுக்குச் சீற், காப்பெற் முழுக்கப் புதுசாச் செய்திருக்கு. வயறிங்கும் புதுசு. இந்த விலைக்கு இப்பிடி ஆரும் தரமாட்டினம்."

கோப்பொன்றையும் நீட்டினார். பழைய வருமான அனுமதிப்பத்திரங்களின் பிரதிகள் வருட வரிசையில் அடுக்கியிருந்தன. புரட்டினேன். 2016 வரை ஒருவர் பெயர், கொலன்னாவை முகவரி. அதன்பின் வேறு பெயர்கள். சரி என்று மூடிவைத்தேன்.

சங்கப் பாடலில் ஓர் ஏகாரம் ஏன் வந்தது என்று அரை மணித்தியாலம் பேசக்கூடியவன் நான். அந்தக் கோப்பை வாசிக்கவில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கவலைப்பட்டவனும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. காருக்குள் ஒரு மணம் வந்தது. பூட்டிக் கிடந்த கிணற்றின் மணம். பிறகு முன்விளக்கில் ஒன்று மங்கியது. ஒருநாள் மருத்துவமனை வாசலில், அம்மா உள்ளே இருக்க, கண்ணாடி தானாக இறங்கி மீண்டும் ஏற மறுத்துவிட்டது. அவர் மடியெல்லாம் மழை. "பறவாயில்லையடா" என்றார். அந்தச் சொல்தான் என்னைக் கராஜுக்குக் கொண்டுபோனது.

மெக்கானிக் பொனற்றைத் திறக்கவேயில்லை. பின்சீற்றில் ஏறி இருந்துகொண்டு, இருக்கைப் பட்டியைப் பிடித்து இழுத்தார். நாம் பட்டியைத் தேவையான அளவுக்குத்தான் இழுப்போம். அவர் அதன் கடைசி முழம் வரைக்கும் இழுத்தார். உருளைக்குள் எப்போதும் சுருண்டே கிடக்கிற பகுதி வெளியே வந்தது. அதிலே மண்ணிறத்தில் ஒரு கோடு. அதற்கு இப்பால் பட்டி கறுப்பு. அப்பால் சேற்று நிறம்.

"சேர், இது குளிச்ச கார்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாய்க் காட்டினார். சீற் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு. புதுக் காப்பெற்றுக்குக் கீழே, மேலதிகச் சக்கரம் வைக்கிற குழியின் மூலையில், மாவாய் உலர்ந்த வண்டல். வயறிங் மாற்றியிருந்தார்கள்தான், ஆனால் கம்பிகள் வந்து பொருந்துகிற முனைகள் சிலவற்றைப் பழையபடியே விட்டிருந்தார்கள். அவற்றுள் செம்பு பச்சை பூத்திருந்தது. சேற்றுநீர் உள்ளே போனால் அன்றே கெடுப்பதில்லையாம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஈரம் வரும்போது ஒவ்வொரு முனையாகக் கேட்கத் தொடங்கும். நான் வாங்கியதோ ஆவணி வெயிலில்.

வகுப்பில் வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போது நான் சிலம்பு உடைகிற இடத்தில் குரலை உயர்த்துவது வழக்கம். இரண்டு சிலம்பும் வெளியே ஒன்றுபோலவே இருந்தன. அரசியின் சிலம்புக்குள் முத்து. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உடைத்துப் பார்த்தபோதுதான் வழக்குத் தீர்ந்தது. பாண்டியன் செய்த பிழை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளாமலே முடிவெடுத்தது. பல வருடங்களாக அவனை மாணவர் முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவந்த எனக்கு, அந்த வாங்கில் இருந்தபோது அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவர் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணகியிட்டையெண்டாலும் ஒரு சிலம்பு மிஞ்சி இருந்தது" என்றார்.

சட்டத்தரணி நண்பரிடம் கேட்டேன். நமது நாட்டில் இதற்குள்ள அடிப்படைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தைத் தழுவியது. வாங்குபவன் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும் என்பதுதான் அதன் பொதுப்போக்கு. வேண்டுமென்றே வஞ்சித்திருந்தால் வழி உண்டு. ஆனால் அவர் அறிந்தே மறைத்தார் என்று நான் நிரூபிக்க வேண்டும். "முதலில போய்க் கதையும்" என்றார் நண்பர்.

போனேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. தேநீர் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சேர், நான் பொய் ஏதும் சொன்னனானோ? அடிபட்டதோ எண்டு கேட்டீங்கள். இல்லையெண்டன். அது உண்மை. உள்ளுக்கு எல்லாம் புதுசெண்டன். அதும் உண்மை. தண்ணியைப் பற்றி நீங்கள் கேக்கேல்லை."

நேயர்களே, அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். புதுச் சீற், புது வயறிங் எல்லாமே அந்த வெள்ளத்தின் தழும்புகள். தழும்புகளையே அணிகளாக எனக்குக் காட்டியிருக்கிறார். நானும் அணியென்று இரசித்திருக்கிறேன்.

உண்மை, வாய்மை, மெய்மை என்ற மூன்றையும் ஒரே பொருளில் வழங்குகிறோம். உள்ளத்தால் வருவது உண்மை, வாயால் வருவது வாய்மை, உடம்பால் ஒழுகுவது மெய்மை என்று தமிழாசிரியர்கள் பிரித்துச் சொல்வதுண்டு. நானும் கரும்பலகையில் மூன்று வட்டம் கீறிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வள்ளுவர் அந்த முதற் குறளில் செய்திருப்பது இந்தப் பாகுபாடு அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்வது வாய்மை என்று அவர் சொல்லவேயில்லை. கேட்பவனுக்குத் தீமை சற்றும் தராத சொல்லே வாய்மை என்கிறார். பொய் கூட நன்மை தருமானால் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்ற அடுத்த குறளை நாம் பட்டிமன்றங்களில் எடுத்துப் பந்தாடுகிறோம். அதன் மறுபுறத்தை யாரும் பேசுவதில்லை. தீமை தருமானால் உண்மையும் வாய்மை ஆகாது. எனக்குக் கார் விற்றவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாய்மையும் சொல்லவில்லை.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றி உருத்திரங்கண்ணனார் சொல்கிற இடத்தையும் நினைத்துக்கொண்டேன். கொள்ளும்போது மிகுதியாய்க் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் விற்றார்களாம். விலையையும் வெளிப்படையாகச் சொன்னார்களாம். அங்கே வாங்குகிறவன் கேள்வி கேட்கத் தெரிந்தவனாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இதையெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, காசைத் திருப்பித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். காசு வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றார். தனக்குக் கொழும்பில் தந்தவனும் சொல்லவில்லை, மழைக்குப் பிறகே தானும் அறிந்தேன் என்றார். முனைகள் மாற்றுகிற செலவில் பாதியென்று 30,000 ரூபாவை எண்ணி என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அது அவரை மன்னித்த கணக்கா, பங்காளியான கணக்கா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. படலை வரை வந்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாசியில மழை விட்டிடும் சேர். அப்ப குடுத்திடுங்கோ. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

மாசி வந்தது. மணம் போய்விட்டது. விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. விற்பனைக்கு உண்டு என்று இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன். ஓர் இரவு தொலைபேசியில் ஒருவர் அழைத்தார். குரல் இளமையாக இருந்தது. "சேர், அடிபட்ட காரோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. ஒரு இடத்திலயும் முட்டுப்பட்டதில்லை. உள்ளுக்கு எல்லாம் புதுசு."

என் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை நானே கேட்டேன். சொல் மாறாமல், இழுவை மாறாமல் அவருடைய வாக்கியம். நான் யோசித்துச் சொன்னதாகவும் இல்லை; அது நாக்கிலேயே தயாராக இருந்தது. மேசையில் மாணவர்களின் விடைத்தாள்கள் கிடந்தன. குசினிக்குள் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்த இளைஞர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். ஏனோ வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

வைகாசியில் வேறொருவர் வந்தார். வயறிங் வேலை தெரிந்த, கிளிநொச்சிப் பக்கத்து மனிதர். அவர் காரைச் சுற்றி வந்து வாய் திறப்பதற்கு முன்னரே நான் பின்கதவைத் திறந்து, பட்டியைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினேன். கொலன்னாவை முகவரியையும் காட்டினேன். அவர் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "வேறை என்ன இருக்குது சேர்?" என்றார். தெரிந்ததெல்லாம் சொன்னேன். தானே பிரித்துத் திருத்தி ஓடலாம் என்று 27 இலட்சத்துக்குக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அன்றே உரிமை மாற்றப் பத்திரங்களிலும் ஒப்பமிட்டோம்.

நான்கு காப்புகளில் இரண்டு வீட்டுக்கு வந்துவிட்டன. மற்ற இரண்டும் வங்கியில் இருக்கின்றன. அம்மாவை முச்சக்கர வண்டியில் கூட்டிப் போகிறேன். மழை நாட்களில் இரண்டு பக்கமும் சீலையை இறக்கிவிட்டால் அவ்வளவாக நனைவதில்லை.