திறந்த கதவும் வராத மாணவரும்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய இந்த வகைக் கல்லூரிகளில் பெரும்பாலும் நுழைவுத் தேர்வும் இல்லை, மதிப்பெண் வடிகட்டலும் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்து வந்தால் இடம் உண்டு. ஆனாலும், கல்லூரிக்குப் போவதென்று முடிவெடுத்த மாணவர்களில் 10 முதல் 40 விழுக்காட்டினர் கோடை முடிவதற்குள் உதிர்ந்துவிடுகிறார்கள் என்று பெஞ்சமின் காசில்மனும் லிண்ட்சே பேஜும் காட்டியிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த இழப்பு அதிகம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட மாதங்களில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் முன் நிற்பவை நிதியுதவி விண்ணப்பம், வருமானச் சரிபார்ப்பு, பாடப் பதிவு, கட்டணக் கெடு. பள்ளி ஆலோசகர் விடுமுறையில் இருக்கிறார். கல்லூரி ஆலோசகருக்கோ இந்தப் பிள்ளையை இன்னும் தெரியாது. யார் பொறுப்பிலும் இல்லாத மாதங்கள் இவை.

இந்த இடைவெளியைத் தகவலால் மட்டும் நிரப்ப முடியாது, ஒருவர் கூட இருந்து வேலையை முடித்துக்கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். இதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று 2008இல் ஓஹியோவிலும் வட கரோலினாவின் சார்லட்டிலும் எரிக் பெட்டிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனை. வருமான வரிக் கணக்கை முடித்துக்கொள்ள ஹெச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, அந்த வரிக் கணக்கின் விவரங்களைக் கொண்டே 'ஃபாஃப்சா' எனப்படும் மத்திய நிதியுதவி விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்பித் தந்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற மதிப்பீட்டை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். முதல் பிரிவில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளுள் அடுத்த மூன்றாண்டுகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தார்கள். மதிப்பீட்டை மட்டும் கேட்டுச் சென்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. தொகை தெரிந்திருந்தும் படிவம் அவர்களைத் தடுத்துவிட்டது.

ஒரு படிவத்தைத் தானே நிரப்பத் தெரியாதவர் கல்லூரியில் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு இதே சோதனை பதில் தருகிறது. உதவி பெற்றவர்கள் சேர்ந்ததோடு நிற்கவில்லை, தொடர்ந்து படித்தார்கள். படிவம் அளந்தது வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதைத்தான். பிள்ளையின் திறமை அதில் அகப்படாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. காசில்மனும் பேஜும் 2012 கோடையில் அனுப்பிய குறுஞ்செய்திகள், தலைக்கு ஏழு டாலர் செலவில், சில நகரங்களில் சமுதாயக் கல்லூரிச் சேர்க்கையைக் கூட்டின. பின்னாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நிதியுதவி விண்ணப்பம் பற்றிய நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டபோது பலன் கிட்டவில்லை. ஆகவே இந்த உதவியெல்லாம் வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. முந்தைய செய்திகளில் மாணவருடைய கல்லூரியின் கெடுநாளும் வேலையும் இருந்தன. பதில் அனுப்பினால் உள்ளூர் ஆலோசகர் ஒருவர் பேசினார். விரிவாக்கத்தில் மாணவருக்கும் அனுப்பியவருக்கும் இடையே அந்த நெருக்கம் இல்லை. ஏற்கெனவே போதிய ஆதரவு கிடைத்துவந்த பாஸ்டனில் முதல் சோதனைகூடப் பெரிய மாற்றத்தைத் தரவில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது.

சேர்க்கையோடு கடமை தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய 'அசாப்' திட்டத்தில் ஆலோசகர் படிப்பு முழுவதும் உடன் வருகிறார். பேருந்து, ரயில் பயணச் செலவும் பாடநூல் செலவும் ஏற்கப்படுகின்றன. மூன்றாண்டில் பட்டம் பெறுவோர் 22 விழுக்காட்டிலிருந்து 40 ஆனார்கள். செலவு அதிகம்தான், அந்தச் செலவை ஏற்கலாம் என்பதே என் கருத்து.

ஆகவே இங்கே கட்டுரை வாசிக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். மாணவருக்கு என்ன அனுப்பப்பட்டது என்பதோடு நிறுத்தாமல், அவருடன் யார் உட்கார்ந்தார், எந்த வேலை முடிந்தது, அந்த ஆளுக்கு ஜூலை மாதச் சம்பளத்தை எந்த நிறுவனம் தந்தது என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.